ஈரக் காலடி யாருது?

எய்யா தொம்மை,

போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் உனக்குக் கப்பலில் சிக்னல் போய்விடும். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. வாசிக்க உட்கார்ந்தால் பெற்றவள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்துதான் ஆக வேண்டும். எழுதி முடித்ததும் இதை உன் மச்சான் ரோலண்டிடம் கொடுத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். அவனும் வாசிப்பான். அவன் தங்கச்சி, உன் பெண்டாட்டி ஜெசிந்தாவும் வாசிப்பாள். உன்னைத் தூக்கி வளர்த்த என் அண்ணன், உன் மிக்கேல் மாமாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பார். எல்லாரும் வாசிக்கட்டும். இந்த வீட்டில் மூடி வைத்தது போதும் என்றுதான் எழுதவே உட்கார்ந்தேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நான் மீன் வாங்கிவிட்டு வந்தேன். நம்மூர் வெயில் உனக்குத் தெரியும். உப்பளத்துப் பக்கமிருந்து அடிக்கிற வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. வாசல் குழாயில் காலைக் கழுவிவிட்டு, துடைக்காமல், நீ ஆசைப்பட்டுப் போட்ட வெள்ளை டைல்ஸில் நடந்து அடுக்களைக்குப் போனேன். ஜெசிந்தாவுக்கு அன்றைக்கு ஷிப்பிங் ஆபீஸில் லீவு. கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மின்விசிறி சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை. தெருவில்கூட ஒரு ஈ காக்கா இல்லை. அப்போது மேலேயிருந்து, ஆள் இல்லாத இடத்திலிருந்து, ஒரு ஆண் குரல் கேட்டது. "ஈரக் காலடி யாருது? சொல்லு."

என் கையிலிருந்த மீன் பை கீழே விழுந்துவிட்டது. அது நீதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பொம்பளைங்க ரெண்டு பேரும் தனியா இருக்கீங்க, ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா" என்று சொல்லிப் போன லீவில் நிலைப்படிக்கு மேலே ஒரு கேமராவை மாட்டினாயே, அது பார்க்கும் என்று சொன்னாய். பேசும் என்று சொல்லவில்லை. நான் கூடத்துக்கு ஓடி வந்தபோது ஜெசிந்தா பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பீடத்தைப் பார்ப்பதுபோல ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எய்யா, அது என் காலுய்யா" என்றேன். "நீங்க சும்மா இருங்கம்மா. ஒங்க காலு அவ்வளவு பெருசா? நான் அவளைக் கேக்கேன்" என்றாய். என் கால் பெரிய கால்தான். செருப்புக் கடையில் ஆம்பிளைச் செருப்பு வாங்குகிறவள் நான். அதை உனக்கு நிரூபிக்க, இந்த வயதில், மறுபடியும் காலை நனைத்துக்கொண்டு வந்து அந்த டப்பாவுக்குக் கீழே நின்று காட்டினேன்.  நீ பார்க்கும்போது எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் அதில் எரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நீ அவளிடம், "ஒங்கண்ணன் இனிமே நான் இல்லாதப்ப வீட்டுக்கு வரக்கூடாது. அவன்தான் ஒனக்குக் காவல் நிக்கான்" என்று சொன்னாயாம். அதற்குப் பிறகு எனக்குத் தனியாகப் போன் செய்து, "அம்மா, யாரு வாரா, யாரு போறான்னு மட்டும் எங்கிட்ட சொல்லிக்கிடுங்க" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன். பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிற பிள்ளையைப் பெற்றோமே என்ற வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பயந்தது அதனால் இல்லை. நீ சொன்ன அத்தனை வார்த்தையையும், அதே வரிசையில், நான் இதற்கு முன்னால் கேட்டிருக்கிறேன். சொன்னவர் உன் அப்பா. அவர் அதைச் சொன்னபோது நீ என் வயிற்றுக்குள் இருந்தாய்.

உன் அப்பா கடலில் விபத்தில் போனார் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அது பொய் இல்லை. ஆனால் விபத்து கடலில் தொடங்கவில்லை. ஒரு நாடகத்தில் தொடங்கியது. சிரிக்காதே. நாடகம் என்றால் டிவியில் நான் பார்க்கிற அழுகைத் தொடர் என்று நினைத்துக்கொள்ளாதே.

நாங்கள் அப்போது இருந்த கடற்கரையில், கோயில் திருவிழா முடிந்து கொடி இறக்கிய மறுநாள், பொழுது சாயும் நேரத்தில் ஒரு நாடகம் போடுவார்கள். தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த ஒரே நாடகம். முத்துக் குளிக்கிற ஒருவனுடைய கதை. அதைச் சொல்வதற்கு முன்னால் உனக்கு ஒரு வழக்கம் தெரிய வேண்டும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலுக்கு அடியில் இறங்குகிறவனுடைய இடுப்புக் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிப்பவன் அவன் மச்சானாக இருப்பான். பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். சொந்தத் தம்பியை நம்ப மாட்டார்கள், அப்பனைக்கூட நம்ப மாட்டார்கள். மச்சான் கயிற்றை விட்டால் அவன் தங்கச்சி தாலி அல்லவா போகும்? அதனால் அவன் கை அசராது. அந்த ஒரு கணக்கில்தான் இந்தக் கரையில் அத்தனை பேரும் கடலுக்குள் இறங்கி ஏறினார்கள். முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகும், சங்கு குளிக்கிறவர்கள் அதை விடவில்லை.

நாடகத்தில், அந்த முத்துக்குளிப்பவனுக்கு நல்ல பெண்டாட்டி, நல்ல மச்சான். அதே தோணியில் இன்னொருவன் இருப்பான். கயிறு பிடிக்கிற இடம் தனக்கு வரவில்லையே என்று வெந்துகொண்டிருப்பவன். அவன் முதலில் பொய்கூடச் சொல்ல மாட்டான். "நீ தண்ணிக்குள்ள இருக்கும்போது கரையில என்னென்னவோ நடக்குது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவான். அது போதும். ஒருநாள் முத்துக்குளிப்பவன் வீட்டுக்கு வரும்போது தரையில் ஈரக் காலடி இருக்கும். மச்சான்தான் தங்கச்சிக்கு மீன் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். இவன் பெண்டாட்டியைக் கேட்பான். நாடகம் முழுக்கப் பாட்டும் செந்தமிழுமாக ஓடும்; அந்த ஒரு இடத்தில் மட்டும் பாட்டு கிடையாது, மேளம் கிடையாது. நாடகம் சொல்லிக்கொடுக்கிற அண்ணாவியார் அதில் கண்டிப்பாக இருப்பார். வீட்டில் பேசுகிற பேச்சில், சத்தம் உயர்த்தாமல், கேட்க வேண்டும். "ஈரக் காலடி யாருது? சொல்லு." கூட்டத்தில் இருக்கிற பெண்கள் அந்த இடத்தில் பிள்ளைகளைக் கிட்டே இழுத்துக்கொள்வார்கள்.

அண்ணன் வந்தான் என்று அவள் சொன்னால், நீ இன்னொருவனோடு இருக்க அண்ணன்தான் உனக்குக் காவல் நிற்கிறானா என்பான். மச்சான் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி, பொறாமைக்காரன் கையில் கொடுப்பான். அதே கயிற்றால் பெண்டாட்டியைக் கொல்வான். பிறகு உண்மை தெரியும். அப்போது அவன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான்; அடியில் போய்ப் பயந்துபோய்க் கயிற்றை இழுப்பான். மேலே யாரும் இருக்க மாட்டார்கள். மேடையில் ஒருவன் தன் இடுப்புக் கயிற்றைத் தானே இழுத்து இழுத்துப் பார்ப்பான், அதன் மறுமுனை சும்மா ஊர்ந்து அவன் கிட்டே வரும். அத்தோடு நாடகம் முடிந்துவிடும்.

முடிந்தாலும் ஒன்று பாக்கி இருக்கும். அந்த வேஷம் கட்டியவன் கயிற்றோடு வீட்டுக்குப் போகக் கூடாது. தானாகவும் அவிழ்க்கக் கூடாது. அவனுடைய சொந்த மச்சான் மேடையில் ஏறி, முடிச்சை அவிழ்த்து, அவனை வீட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன், "வாரேன் மச்சான்" என்று பதில் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் வேஷம் இறங்கியதாக அர்த்தம். பங்குச் சாமியாருக்கு இது பிடிக்காது, மூடநம்பிக்கை என்று பிரசங்கத்தில் திட்டுவார். ஆனால் நாடகத்தன்று அவரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், அந்தப் பதில் வருகிறவரைக்கும் உட்கார்ந்துதான் இருப்பார்.

உன் அப்பாவுக்குச் சங்கு குளிக்கிற தொழில். இடுப்பில் கயிறு, வாயில் காற்றுக் குழாய். மேலே கயிறு பிடித்தது உன் மிக்கேல் மாமா. உன் அப்பாவைப்போலச் சாதுவான மனுஷனை அந்தக் கரையில் பார்க்க முடியாது. கோழி அடிக்க வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். எனக்குக் கல்யாணம் ஆன புதிதில், என் பேரைச் சொல்லிக் கூப்பிடவே வெட்கப்படுவார். ஆனால் நல்ல குரல். அதனால் அந்த வருஷம் அண்ணாவியார் அந்த வேஷத்தை அவருக்குக் கொடுத்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒத்திகைக்குப் போகும்போது சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினேன்.

ஒத்திகை தொடங்கிக் கொஞ்ச நாளில் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. நான் அடுக்களையில் நிற்கும்போது பின்னால் வந்து நிற்பார். திரும்பிப் பார்த்தால், "ஒண்ணுமில்லை" என்பார். நான் சிரித்தால் எதற்குச் சிரித்தாய் என்று கேட்பார். பாடம் பண்ணுகிறார், வேஷத்துக்குப் பழகுகிறார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாடகத்தன்று மேடையில் அவர் அந்த வரியைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. பெண் வேஷம் கட்டியிருந்த பையன் எதிரே நின்றான். உன் அப்பா அவனைப் பார்க்கவில்லை. திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, என்னைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.  நீ உள்ளே ஒரு புரட்டு புரண்டாய். நீ அசைந்ததை நான் முதன்முதலாக உணர்ந்தது அப்போதுதான். இதை இதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

நாடகம் முடிந்தது. மிக்கேல் அண்ணன் மேடையில் ஏறி முடிச்சில் கை வைத்தார். உன் அப்பா அந்தக் கையைத் தட்டிவிட்டார். "கையை எடு மச்சான். நான் அவுத்துக்கிடுதேன்." அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஏலே செல்லப்பு, வெளையாடாத" என்றார். செல்லப்பு என்பதுதான் உன் அப்பாவின் வீட்டுப் பேர். பதில் வரவில்லை. அவர் தானே முடிச்சை அவிழ்த்து, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மேடையை விட்டு இறங்கி, என் முன்னால் வந்து, "நட" என்றார். கொஞ்சப் பேர் சிரித்தார்கள். வயசானவர்கள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. எழுதுகிறேன். அந்த நாடகத்தில் பொறாமைக்காரன் வேஷம் கட்டியவர் ஒரு டெய்லர், அருளப்பன் என்று பேர். ஒரு பூனையை விரட்டவும் பயப்படுவார். அவர் ஒருநாள் மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டேன் என்றார். "தங்கச்சி, ஒம் மாப்பிள்ளை தெனமும் கடைக்கு வந்து உக்காந்துக்கிடுதாரு. 'நீ அன்னைக்குப் பாத்தியே, அதைத் திரும்பச் சொல்லு'ன்னு கேக்காரு. நான் என்னத்தைம்மா பாத்தேன்? நான் மேடையில வேஷம் கட்டினவன்லா? ஒண்ணும் பாக்கலைன்னு சொன்னா, சிரிச்சிட்டு, 'அப்போ நெசந்தான்'ங்காரு. எனக்குப் பயமா இருக்கு." சொல்லிவிட்டுத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தபடி போனார். அவர் வந்துபோனதையும் உன் அப்பா தெரிந்துகொண்டார். டெய்லர் எதற்கு வந்தான் என்பது அடுத்த கேள்வி ஆயிற்று.

தொம்மை, நாடகத்தில் மூட்டிவிட ஒருவன் வேண்டியிருந்தது. வீட்டில் அதுகூட வேண்டியிருக்கவில்லை. கேட்கிறவரும் அவரே, பதில் சொல்லுகிறவரும் அவரே. நான் குளித்துவிட்டு வந்தால் ஈரக் காலடி யாருது. காலடி இருந்தால்தானே கேட்பார் என்று நான் ஒவ்வொரு தடவையும் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன். அப்போது, எதைத் தொடைச்ச என்று கேட்டார். துடைக்காமல் விட்டால் ஒரு கேள்வி, துடைத்தால் இன்னொரு கேள்வி. நான் நல்லவள் என்று காட்ட எதை எதைச் செய்தேனோ அதெல்லாம் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அண்ணன் வந்து அவரிடம் பேசிப் பார்த்தார். "ஒன் தங்கச்சிக்கு நீதான் காவல் நிக்க" என்று சொல்லி, அண்ணனைத் தோணியை விட்டு இறக்கிவிட்டார். வேறு ஊரிலிருந்து கூலிக்கு ஒரு ஆளைப் பிடித்து வந்து கயிற்றை அவன் கையில் கொடுத்தார். கரையில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லாருக்கும் அந்த நாடகம் மனப்பாடம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசி நாளைச் சொல்கிறேன். அதுவும் நல்ல உச்சி வெயில் நேரம். அவர் கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே வந்தார். நான் கூடத்தில் கருவாடு கிள்ளிக்கொண்டிருந்தேன். அவர் நடந்து வந்த வழியெல்லாம் தரையில் ஈரம். வாசல்வரைக்கும் போனவர், திரும்பினார், தரையைப் பார்த்தார். அவர் கையில் அந்தக் கயிறு இருந்தது. "ஈரக் காலடி யாருது? சொல்லு." நான் எழுந்து நின்றேன். "ஒங்க காலுதான். இப்பந்தானே குளிச்சிட்டு வந்தீய. வேணும்னா மேல வச்சுப் பாருங்க." அவர் அந்தக் காலடி ஒன்றின்மேல் தன் காலை மெதுவாக வைத்தார். விரலோடு விரல், குதிகாலோடு குதிகால், அப்படியே பொருந்தியது. குனிந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு உயிர் வந்தது. முடிந்தது, புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து, ரொம்பச் சாந்தமாக, "என் காலு மாதிரியே காலு உள்ளவன்" என்றார். "அவன் யாருன்னு கண்டுபிடிச்சிருவேன்."

அவர் காலடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் பின்வாசல் வழியாக, செருப்பில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் வீட்டுக்குப் போனேன். மணல் கொதித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அவர் கடலுக்குப் போனார். தோணியிலிருந்து குழாயில் காற்று அனுப்புகிற கம்ப்ரஸர் நின்றுவிட்டது. கூலிக்கு வந்த ஆளைக் குற்றம் சொல்ல மாட்டேன். கயிறு அசைந்தது தெரிந்ததாம், சங்கு பொறுக்குகிறார் என்று நினைத்துவிட்டானாம். எந்த இழுப்பு சங்குக்கு, எந்த இழுப்பு உயிருக்கு என்று அவன் கைக்கு எப்படித் தெரியும்? மிக்கேல் அண்ணன் இன்றைக்கும் சோற்றில் கை வைத்துவிட்டு, "நான் இருந்திருந்தா எங்கைக்குத் தெரிஞ்சிருக்கும்ளா" என்று சொல்லி அழுகிறாரே, எதற்கு என்று நீ சின்னப் பிள்ளையில் கேட்டிருக்கிறாய். இதற்குத்தான்.

கரைக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது கயிறு இடுப்பில் இருந்தது. அண்ணன் மணலில் முட்டி போட்டு, நனைந்து இறுகிப்போன அந்த முடிச்சை அவிழ்த்தார். அவிழ்த்துவிட்டு, "செல்லப்பு" என்று கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்தார். மறுபடியும், "ஏலே செல்லப்பு" என்றார். சாமியார் உட்பட அத்தனை பேரும் மூச்சு விடாமல் நின்றோம். அலைச் சத்தம்தான் கேட்டது. அந்த வருஷத்தோடு நாடகம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் இறங்காத வேஷம் எங்கே போயிற்று என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. உன்னைப் பெற்று, வளர்த்து, படிக்கவைத்து, கப்பலுக்கு அனுப்பி, கல்யாணம் முடித்து, அந்தக் கேள்வியை மறந்தேபோனேன். போன வாரம் அது நிலைப்படிக்கு மேலேயிருந்து பேசியது.

நீ அந்த நாடகத்தைப் பார்த்ததில்லை. உன் காது கேட்க அந்த வரியை யாரும் சொன்னதில்லை. நானும் அண்ணனும் அதில் கவனமாக இருந்தோம். பிறகு எப்படி உன் வாயில் வந்தது? அண்ணனிடம் கேட்டேன். "சந்தேகப்படுதவனுக்கு வேற என்னளா பேசத் தெரியும்? எல்லாப் பயலும் ஒரே பாடத்தைத்தான் ஒப்பிக்கான்" என்றார். அது சரியாக இருக்கலாம். அப்படி இருந்தால் எனக்குப் பயம் குறையவில்லை, கூடுகிறது. பேய் என்றால் மந்திரிக்கலாம்.

இப்படி எழுதுகிற பெற்றவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு தப்பை ஒப்புக்கொள்வார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். நான் ஒரு தப்பும் செய்யவில்லை. அருளப்பனும் செய்யவில்லை, மிக்கேல் அண்ணனும் செய்யவில்லை. ஒருவர்கூடத் தப்பே செய்யாத ஒரு வீட்டில் ஒரு மனுஷன் செத்தார். அதனால் ஜெசிந்தா நல்லவள் என்று உனக்கு நிரூபிக்க நான் இதை எழுதவில்லை. நிரூபிக்கத் தொடங்கினால் அவள் தொலைந்தாள். உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான்: சந்தேகம் வந்தவன் முதலில் செய்வது, தன்னை மேலே தூக்கிவிடுகிற கையைத் தட்டிவிடுவது. பெண்டாட்டி பக்கம் பிறகுதான் திரும்புவான். நீ ரோலண்டை வராதே என்று சொன்னாய் பார், அப்போதே நீ உன் கயிற்றை விட்டுவிட்டாய். உனக்குக் காய்ச்சல் என்று கேட்டால் அவன் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வருகிறவன், ஏலே. உன்மேல் ஆசை என்பதற்காக இல்லை, அவன் தங்கச்சி உன்னோடு இருக்கிறாள். அதைவிட உறுதியான காரணம் உனக்கு எந்த நாட்டில் கிடைக்கும்?

இன்னொன்று. யார் வாரா, யார் போறா என்று உனக்குச் சொல்லச் சொன்னாயே, அந்த வேஷத்தை நான் கட்ட மாட்டேன். பாவம், அந்த டெய்லர் மேடையில் கட்டியதற்கே வாழ்நாள் முழுக்க நொந்துபோனார்.

நாலு நாளைக்கு முன்னால் நான் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். திரும்பிப் பார்த்தால், உன் பெண்டாட்டி ஆபீஸுக்குப் போகக் கட்டிய சேலையோடு தரையில் முட்டி போட்டு, என் காலடிகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டு வருகிறாள். துடைத்துவிட்டு அந்தச் சிவப்பு விளக்கைப் பார்க்கிறாள். மறுபடியும் துடைக்கிறாள். அவள் உதடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழத் தோன்றியது. அது நான், தொம்மை. அந்தத் துணியும் அந்தக் குனிதலும் என்னுடையது. நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கி, "எந்திரிளா, ஒங்கண்ணனுக்குப் போன் போடு" என்றேன்.

ரோலண்டு வந்து அவளை மாப்பிள்ளையூரணிக்கு, அவன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறான். நான்தான் அனுப்பினேன். கேமராவைக் கழற்றவில்லை; சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். நீ அந்த வெறும் சுவரைத் திறந்து திறந்து பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். மத்தியானத்தில் திடீரென்று அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறது. அப்போதெல்லாம் நான் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அதற்குக் கீழே போய் நிற்கிறேன். சில சமயம் நீ மூச்சு விடுவது கேட்கிறது. உன்னோடுதான் நிற்கிறேனா, வேறு யாரோடாவதா என்று தெரியாமல் நிற்கிறேன்.

அடுத்த மாதம் நீ லீவில் வருவாய். ரோலண்டு வாசலில் நிற்பான். நான் சொல்லியிருக்கிறேன், அவனும் சரி என்றிருக்கிறான். படித்த பையன், இருந்தாலும் சிரிக்கவில்லை. நீ ஆட்டோவில் இருந்து இறங்கியதும் அவன் உன் தோளில் கிடக்கிற பையைக் கழற்றுவான். கழற்றவிடு. பிறகு உன் வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். நான் கதவுக்கு உள்பக்கம் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். பதில் சொல்லாமல் நீ நேராக வந்து கதவைத் தட்டினால், தட்டுவது யார் என்று எனக்குத் தெரியும். அவருக்குப் பயந்து ஒரு தடவை நான் பின்வாசல் வழியாக ஓடினேன். இந்தத் தடவை ஓட மாட்டேன், கதவையும் திறக்க மாட்டேன், ஜெசிந்தாவை அவள் அண்ணன் வீட்டிலிருந்து கூப்பிட்டு உன்னிடம் அனுப்பவும் மாட்டேன். நீ என் ஒரே பிள்ளை. அழுதுகொண்டே கதவைப் பூட்டி வைப்பேன்.

உனக்குப் பிடித்த பாறைமீன் குழம்பு வைத்திருப்பேன். சோறு ஆறுவதற்குள் அவன் உன்னைக் கூப்பிடுவான். "வாரேன் மச்சான்" என்று சொல்லிவிடு எய்யா. உன் அப்பா சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

உன்னைப் பெற்றவள்